பிறர் மனம் அறிந்தவர்

1973 ஆம் ஆண்டளவில் வவுனியா இன்று காண்பது போன்ற நெரிசல் மிக்க நகரமாய் இருக்கவில்லை. கச்சேரியும் புகையிரத நிலையமும் குளக்கட்டும் சில வரிசைக் கடைகளுமே ஊரின் பிரதான அங்கங்களாய் இருந்தன. முல்லைத்தீவும் அக்காலத்தில் எங்கள் மாவட்டத்தினுள்ளேயே அடங்கியிருந்தமையால், காணி அலுவலாகவும் வழக்கு அலுவலாகவும் தூரத்துக் கிராமங்களிலிருந்து வந்து இரவு தங்கிப் போகிறவர்கள் எப்போதும் உண்டு. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதித் தடை இருந்த காலமாதலின், காடு வெட்டிக் கிணறு தோண்டிச் செத்தல் மிளகாய் பயிரிட்ட இளைஞர்களின் கையிலே அவர்களுடைய தகப்பன்மார் கண்டறியாத காசு புழங்கிற்று. அதே வேளையில் பாணுக்கு விடியுமுன் வரிசையில் நிற்க வேண்டியும் இருந்தது. இவ்விரண்டும் ஒருங்கே கூடிய அந்த விசித்திரமான காலத்திலேதான், எங்கள் வாசிகசாலையின் கூரையைத் திருத்துவதற்குப் பணம் சேர்க்கும் பொருட்டு, மனோதத்துவ வித்தைக்காரர் ஒருவரை யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வரவழைத்தோம். சபையின் செயலாளன் என்ற முறையில் கடிதம் எழுதியவனும், புகையிரத நிலையத்துக்குப் போய் அவரை எதிர்கொண்டவனும் நானே.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வித்தை செய்வோரிடையே அக்காலத்து வழக்கப்படி அவரும் தம்மைப் ‘புரொபெசர்’ என்று விளம்பரப்படுத்திக்கொண்டவர். ஆதலின் அப்படியே குறிப்பிடுகிறேன். முயலும் புறாவும் பூங்கொத்தும் தோன்றுகின்ற ஜாலவித்தை அவரிடம் இல்லை. சபையோரை மேடைக்கு அழைத்து, அவர்கள் மனத்தில் நினைத்ததைச் சொல்வதும், இனி நடக்கப்போவதை முன்னரே எழுதி வைத்து நிரூபிப்பதுமே அவருடைய நிகழ்ச்சி. பெட்டி படுக்கை என்று பெரிதாக ஒன்றும் இல்லாமல், ஒரு தோற்பையுடன், சாதாரணப் பாடசாலை ஆசிரியர் ஒருவரின் தோற்றத்தோடு வந்து இறங்கிய அவரைக் கண்டபோது எங்கள் பொருளாளருக்கு, கொடுத்த முற்பணம் வீணாயிற்றோ என்ற சந்தேகமே முதலில் உண்டாயிற்று.

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னதாகவே, பதிவுத் தபாலில், அரக்கு முத்திரையிட்ட ஒரு கடிதவுறை எங்கள் தலைவருக்கு வந்திருந்தது. நிகழ்ச்சி நாளன்று காலையில் வரும் ‘வீரகேசரி’யின் முதற்பக்கத் தலைப்பு அதனுள்ளே எழுதப்பட்டிருப்பதாகவும், மேடையிலன்றி வேறெங்கும் அதைத் திறக்கலாகாது என்றும் உடன் வந்த கடிதம் கூறிற்று. தலைவர் அதை வீட்டு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பிலே செருகிக்கொண்டார். அவர் பூட்டிய செய்தி அன்று மாலைக்குள் ஓமந்தை வரை பரவிவிட்டது. அரைவாசி நுழைவுச்சீட்டுக்கள் அந்தச் சாவியினாலேயே விலைபோயின என்று சொன்னால் மிகையாகாது.

குறித்த நாளுக்கு முன்னதாகவே வந்துவிட்ட புரொபெசர், ஓய்வெடுப்பதாகச் சொல்லிவிட்டு ஓரிடத்திலும் ஓய்ந்திருக்கவில்லை. சிகை திருத்தும் கடையிலே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்; தேத்தண்ணீர்க் கடையிலே ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு பத்திரிகையை விரித்தபடி இருந்தார்; மாலையில் கோயிலுக்கு வந்து தேவாரம் முடியும் வரை நின்றார். எவரிடமும் அவர் ஒன்றும் விசாரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் யாருடைய மகனுக்குக் கச்சேரியில் நியமனம் கிடைத்தது, யாருடைய காணிக்குள் யார் வேலி போட்டார் என்பனவெல்லாம் எங்களைக் காட்டிலும் விரிவாக அவருக்குத் தெரிந்திருந்தன. ஊர் தன் கதையை உரத்த குரலிலே தானே சொல்லிக்கொண்டிருக்கிறது. கேட்பதற்கு ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தாற் போதும்.

நகரத்துப் பாடசாலை ஒன்றின் மண்டபம் அன்று நிறைந்து, சன்னல்களுக்கு வெளியேயும் சனம் நின்றது. தொடங்கியவுடன் எல்லாரையும் இரு கைகளின் விரல்களையும் பின்னி இறுக்கிக்கொள்ளச் சொன்னார். தாம் பத்துவரை எண்ணி முடிக்கும்போது சிலருக்குக் கையைப் பிரிக்க இயலாது போகும் என்றார். எண்ணி முடித்தபோது பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே பிரித்துவிட்டார்கள், சிலர் திணறினார்கள். அது ஒரு வேடிக்கை என்றே நாங்கள் எண்ணினோம். உண்மையில் அந்த இரவு முழுவதற்கும் வேண்டிய ஆட்களை அவர் அந்தக் கணத்திலேயே தெரிவு செய்துகொண்டார் என்பது பின்னர்தான் விளங்கிற்று. தாமாகவே மேடைக்கு ஓடிவந்த கெட்டிக்கார மாணவன் ஒருவனையும், கள் வாசனையோடு வந்த ஒருவரையும் இனிமையாகப் பேசி ஆசனத்துக்கே அனுப்பிவிட்டு, கூச்சத்தோடு கையைப் பிரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்த விவசாயிகளையும், பெரியோர் சொல்லைத் தட்டாத இளைஞர்களையும், ஊரவர் மதிக்கும் ஆசிரியர்களையுமே மேடைக்கு அழைத்தார். விருந்தினராக வந்த ஒருவரைச் சபையில் வைத்து மறுத்துப் பேசுவது எங்கள் பக்கத்து மரியாதைக்கு ஒவ்வாது. அவர் பாதி வசனம் சொல்லுமுன்னரே “ஓம் ஐயா” என்பவர்கள் நாங்கள். மேடையில் மனம் அறிகின்ற கலைக்கு இந்த மரியாதையே பாதி மூலதனம்.

முதலில் ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சபைக்குள் இறங்கி, மூன்று வெவ்வேறு வரிசையில் இருந்த மூவரை மூன்று இலக்க எண் ஒவ்வொன்று எழுதச் சொன்னார். நாலாவதாகக் கணித ஆசிரியர் ஒருவரிடம் புத்தகத்தைக் கொடுத்துக் கூட்டச் சொன்னார். மாஸ்ரர் இருமுறை கூட்டிப் பார்த்துத் தொகையைச் சொன்னதும், தொடக்கத்திலிருந்தே துணியால் மூடப்பட்டிருந்த கரும்பலகை திறக்கப்பட்டது. அதே தொகை அங்கே எழுதப்பட்டிருந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. இதன் இரகசியம் மிகவும் அற்பமானது: புத்தகத்துக்கு இரு பக்கமும் ஒரே மாதிரியான அட்டை. மூவர் எழுதியது ஒரு பக்கத்தில். மாஸ்ரர் கூட்டியதோ, மறுபக்கத்தில், புரொபெசரே மூன்று விதமான கையெழுத்தில் முன்கூட்டி எழுதி வைத்திருந்த எண்களை. எழுதிய மூவரும் கூட்டலைப் பார்க்கவில்லை. கூட்டியவர் எழுதியவர்களைக் கேட்கவில்லை. கணிதம் கற்ற மூளை கூட்டலைச் சரிபார்க்கும். எண்கள் எங்கிருந்து வந்தன என்று சரிபார்ப்பதில்லை.

அடுத்து ஒரு பத்து ரூபாய்த் தாள். 1970 இல் ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களை நிதியமைச்சர் என். எம். பெரேரா செல்லாதனவாக்கிய அதிர்ச்சி இன்னும் நீங்காத காலமாதலின், காசுத்தாளைக் கொடுக்கச் சொன்னபோது சபையில் ஒரு தயக்கமும் சிரிப்பும் எழுந்தன. மரக்கடைக்காரர் ஒருவர் கொடுத்த தாளை வாங்கி மடித்து உறையிலிட்டு ஒட்டி, அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, கண்களை மூடிக்கொண்டு, ஒவ்வொரு இலக்கமாகத் தடுமாறித் தடுமாறி, ஓரிடத்தில் பிழையாகச் சொல்லித் திருத்தி, தாளின் இலக்கம் முழுவதையும் சொன்னார். அந்தப் பிழையும் திருத்தமும் எவ்வளவு பெரிய சாமர்த்தியம் என்பதை இன்று நினைக்கும்போது வியக்கிறேன். தடங்கலின்றிச் சொல்லியிருந்தால் சபை சூது என்று நினைத்திருக்கும். தடுமாறியபடியால் பிரயாசை என்று நினைத்தது.

மூன்றாவதாக நடந்தது என்னைப் பற்றியது. தலைவரின் மோதிரத்தைக் கழற்றி என்னிடம் தந்து, தாம் வெளியே போனபின் மண்டபத்தில் எங்காவது ஒளித்துவைக்கச் சொன்னார். இருவர் அவரை முற்றத்துக்குக் கூட்டிச்சென்று காவல் நிற்க, நான் அதை நாலாம் வரிசையிலிருந்த ஒரு முதிய விதானையாரின் சால்வை மடிப்பிலே செருகினேன். திரும்பி வந்தவர் கண்ணைக் கட்டிக்கொண்டு என் மணிக்கட்டைப் பற்றி, “தம்பி, ஒண்டும் பேசாதையும், இடத்தை மட்டும் மனத்திலை நினைச்சுக்கொண்டிரும்” என்றார். பிறகு என்னை இழுத்துக்கொண்டு நடந்தார். நடுவழியால் இறங்கி, இடப்பக்கம் சற்றுத் திரும்பி, நின்று, மீண்டு, வலப்பக்கம் திரும்பி, விதானையாரின் முன்னே போய் நின்று சால்வையைத் தொட்டபோது, என் உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. நான் அவருக்கு ஒன்றும் காட்டிக் கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்யவும் ஆயத்தமாயிருந்தேன்.

அன்றிரவு அவர் செய்தவற்றுள் உபாயம் எதுவும் கலவாத காரியம் இது ஒன்றே. ஓரிடத்தை ஊன்றி நினைப்பவனுடைய தசைகள் அவன் அறியாமலே அத்திசையில் இளகியும் எதிர்த்திசையில் இறுகியும் நிற்கின்றன. பழகிய விரலுக்கு அது புலப்படும். இத்தகைய தன்னறிவற்ற அசைவுகளை வில்லியம் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேய வைத்திய அறிஞர் 1852 இலேயே விவரித்திருக்கிறார். வாஷிங்டன் எர்விங் பிஷப் என்ற அமெரிக்கர் 1880 களில் இதே வித்தையால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரும் பிரசித்தி பெற்றார். எனினும் எங்கள் ஊரிலே நடந்த விநோதத்தைப் பாருங்கள்: காசுத்தாளையும் கூட்டலையும் தெய்வீக சக்தி என்று நம்பிய சனங்கள், மோதிரத்தை மட்டும், “செயலாளர் தம்பி புரொபெசரோடை கூட்டு” என்று தள்ளிவிட்டார்கள். ஐம்பது வருஷங்கள் கழிந்தும் அந்தப் பழி என்னைவிட்டு நீங்கியபாடில்லை.

முடிவில் கடிதவுறை வந்தது. தலைவர் அரக்கு முத்திரையைச் சபைக்குக் காட்டி, முழுமை கெடவில்லை என்று சாட்சியும் பெற்று, கத்தரியால் ஓரத்தை வெட்டினார். உள்ளிருந்த தாள் விரிக்கப்பட்டு வாசிக்கப்பட்டது. இரவுத் தபால் வண்டியில் அன்று காலையில் வந்த ‘வீரகேசரி’யை வேறொருவர் உயர்த்திப் பிடித்தார். அக்காலத்துத் தலைப்புகள் பலவற்றையும் போல அதுவும் அரிசியையும் மாவையும் பற்றியது. ஓர் எழுத்தும் பிசகாமல் தாளிலே இருந்தது. மண்டபம் எழுந்து நின்றது.

மறுநாட் காலையில் தேத்தண்ணீர்க் கடையிலே நான் கேட்ட விருத்தாந்தமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயம். தலைவரே உறையை வெட்டி, தலைவரே தாளை எடுத்து, தலைவரே விரித்து வாசித்தார், புரொபெசர் மேடையின் மறு கோடியில் கைகட்டி நின்றார் என்று பத்துப் பேர் ஒரே குரலிலே சொன்னார்கள். அவர்களிற் சிலர் முன்வரிசையில் இருந்தவர்கள். பொய் சொல்லும் தேவையற்றவர்கள். நான் மேடையின் ஓரத்திலே நின்றவன். உறையை வெட்டியவர் தலைவர். அதை வாங்கி இரு விரலை உள்ளே விட்டுத் தாளை எடுத்து விரித்துத் தலைவரிடம் கொடுத்தவர் புரொபெசர். அந்த அரைக்கணத்திலேதான், காலையில் பத்திரிகை பார்த்தபின் எழுதி விரலிடுக்கிலே மடித்து வைத்திருந்த தாள், ஒருவாரமாய் இரும்புப் பெட்டியிலே கிடந்த தாளாக மாறிற்று. வித்தையின் இந்தப் பகுதியைச் செய்தவர் அவர். அதை அழித்தவர்கள் சபையோர். பார்த்தவர் பலரும் தாம் பார்த்ததிலிருந்து அவருடைய இரு விரல்களையும் நீக்கிவிட்டே வீடு போனார்கள். பரந்தனுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதையிலே தலைவரின் இரும்புப் பெட்டியே மேடையில் இருந்ததாம். மாங்குளத்தில் அதற்குப் பொலிஸ் காவலும் போடப்பட்டிருந்ததாம்.

உலகத்தின் வேறிடங்களிலும் இந்தக் கலையை உயர்த்தியவர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். சிங்கப்பூரில் ஜப்பானியரின் சாங்கிச் சிறைமுகாமிலே யுத்தக் கைதியாய் இருந்த சிட்னி பிடிங்டன் என்ற அவுஸ்திரேலியர், சக கைதிகளின் மனச்சோர்வைப் போக்குவதற்காகத் தொடங்கிய மனத்தொடர்பு நிகழ்ச்சியைப் பின்னர் தம் மனைவி லெஸ்லியோடு 1949 இல் பி. பி. சி. வானொலிக்குக் கொண்டு சென்றார். மனைவி இலண்டன் கோபுரத்தில் இருந்தபடி, கலையகத்திலே தெரிவு செய்த வாசகத்தைச் சொன்னார். பிரித்தானியாவில் வீட்டுக்கு வீடு அதே பேச்சு. தாம் செய்வது உண்மையான மனத்தொடர்பா, தந்திரமா என்று அவர்கள் ஒருபோதும் கூறவில்லை. நீங்களே தீர்மானியுங்கள் என்று சொல்லி விடைபெறுவதே அவர்கள் வழக்கம். அழகான உபாயந்தான், எனினும் முழு நேர்மையுடையது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வங்காளத்து பி. சி. சர்க்காரிடம் அந்த மழுப்பல் இல்லை. 1913 இல் டாங்கைலில் பிறந்து 1971 சனவரியில் ஜப்பானிலே நிகழ்ச்சி நடத்தச் சென்ற இடத்தில் காலமான அவர், கண்ணைக் கட்டிக்கொண்டு கரும்பலகையில் சபையோர் எழுதியதை வாசிப்பதில் நிகரற்றவர். தம் கலைக்கு அவர் இட்ட பெயர் இந்திரஜாலம். அதற்கு மேலே ஒன்றும் அவர் உரிமை கோரவில்லை. எங்கள் மண்டபத்தில் காசுத்தாள் வாசிக்கப்பட்ட அதே 1973 இல்தான் யூரி கெல்லர் என்ற இஸ்ரவேல் இளைஞர், கரண்டியை மனோசக்தியால் வளைப்பதாகச் சொல்லிப் பிரித்தானியத் தொலைக்காட்சியைப் பரவசப்படுத்தினார். அதற்குச் சில மாதங்களின் முன், அமெரிக்காவில், தாமே வித்தை பயின்றவரான ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலே, வித்தைக்காரர் ஜேம்ஸ் ரான்டியின் ஆலோசனைப்படி, பொருள்களை முன்கூட்டிக் கெல்லரின் கைக்கு எட்டாமல் வைத்தபோது, அவருடைய சக்தி ஒன்றும் வேலை செய்யவில்லை.

எங்கள் புரொபெசர் ஒன்றைச் செய்ய மறுத்தார். சபையோர் தத்தம் கேள்விகளை எழுதி உறையிலிட, உறையைத் திறவாமலே கேள்வியை வாசித்து விடையும் சொல்வது இத்துறையிலே மிகவும் புராதனமான அங்கம். முதலில் வாசிப்பதாகப் பாவனை செய்யும் கேள்வி முன்னேற்பாட்டில் உள்ள ஒருவருடையது; அதைச் ‘சரிபார்ப்பதற்காக’ உறையைத் திறக்கும்போது பார்ப்பதோ வேறொருவருடைய கேள்வி; அதை அடுத்த உறையிலிருந்து வாசிப்பதாகச் சொல்லி, இப்படியே எப்போதும் ஓர் அடி முன்னால் நின்று முழுக் குவியலையும் முடித்துவிடலாம். இது அவருக்கு நன்றாகத் தெரியும். சபை கேட்டுக் கூச்சலிட்டும் செய்யவில்லை. காரணத்தை அன்றிரவு அறிந்தேன்.

நிகழ்ச்சி முடிந்து அவர் தங்கியிருந்த வீட்டிலே சாப்பாட்டுக்கு உட்காரும் வேளையில் ஒரு பெண் வந்து திண்ணையருகே நின்றாள். முப்பது வயது இருக்கும். அழைத்ததும் உள்ளே வராமல் நின்றபடியே, “ஐயா, என்ரை தம்பி கேகாலையிலை கடையிலை நிண்டவன். எழுபத்தொண்டிலை சேகுவேராப் பிரச்சினையோடை காணாமல் போனவன். ஒரு கடிதமும் இல்லை. உயிரோடை இருக்கிறானோ எண்டு மட்டும் சொல்லுங்கோ” என்றாள். 1971 ஏப்ரில் கிளர்ச்சியின்போது கேகாலைப் பகுதி பட்ட பாட்டை நாங்கள் பத்திரிகையிலே படித்தவர்கள். அவளுக்கு அது ஒரு முகம்.

“பிள்ளை, எனக்கு ஒண்டும் தெரியாது. நான் காட்டினது வித்தை” என்றார் புரொபெசர்.

“அப்ப காசுத்தாளின்ரை நம்பரை எப்பிடிச் சொன்னனீங்கள்?”

அவர் சற்று யோசித்தார். பிறகு தொழில் செய்பவர் எவரும் செய்யத் துணியாத ஒன்றைச் செய்தார்: விளக்கை அருகே கொண்டுவரச் சொல்லி, பையிலிருந்து இரண்டு பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து, ஒன்றை மடிக்கும்போது விரலுக்குள்ளிருந்த மற்றதாக எப்படி மாறுகிறது என்பதை மெதுவாக, அவளுக்கு விளங்கும்வரை, திரும்பத் திரும்பக் காட்டினார். தாம் சொன்ன இலக்கம் வீட்டிலேயே பாடமாக்கிய இலக்கம் என்றார். அவள் மிகுந்த கவனத்தோடு பார்த்தாள். “அது விளங்குது ஐயா” என்றாள். “எண்டாலும் உங்களுக்கு ஏதோ தெரியும். எனக்குச் சொல்ல விருப்பமில்லை.” அவ்வளவுதான், போய்விட்டாள்.

வெகுநேரம் சோற்றைத் தொடாமலிருந்த அவர், “தம்பி, மண்டபத்திலை இருந்த சனம் ஏமாறிச் சந்தோஷப்படக் காசு தந்து வந்தது. இந்தப் பிள்ளை அதுக்கு வரேல்லை” என்றார். கேள்வி உறைகளை அவர் கைவிட்டமைக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண் சில நாட்களுக்குள் ஒரு சாத்திரியிடம் போனாள் என்றும், பையன் வடக்குத் திசையில், தண்ணீருக்குச் சமீபமாக, பிறர் கட்டுப்பாட்டில் இருக்கிறான் என்று சாத்திரி சொன்னார் என்றும் பின்னர் கேள்விப்பட்டேன். இலங்கை ஒரு தீவு. தண்ணீருக்குச் சமீபமில்லாத இடம் அதில் எங்கே?

கோவூர் எழுதியவற்றை நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பின்னர்தான். திருவல்லாவிலே 1898 இல் ஒரு கிறிஸ்தவக் குருவானவரின் குடும்பத்தில் பிறந்து, 1928 இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலே தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூரை, எங்கள் ஊரின் வயோதிப உத்தியோகத்தர் சிலர் ஆசிரியராகவே ஞாபகம் வைத்திருந்தார்கள். ஆசிரியத் தொழிலிலிருந்து 1959 இல் ஓய்வுபெற்றபின் பேய், பில்லி, சூனியம், கல்லெறி, மறுபிறப்பு என்று சொல்லப்பட்ட சம்பவங்களை நேரில் ஆராய்வதையே வேலையாகக் கொண்டார். அவற்றுள் ஒன்றிலிருந்து ‘புனர்ஜென்மம்’ என்ற மலையாளத் திரைப்படமும் எடுக்கப்பட்டது. 1963 இல் அவர் ஓர் அறைகூவல் விடுத்தார்: மோசடிக்கு இடமில்லாத நிபந்தனைகளின் கீழ் அற்புத சக்தியை நிரூபிப்பவருக்கு ஓர் இலட்சம் ரூபாய். ரான்டியின் பிரசித்தமான பந்தயம் இதற்கு ஒரு வருடம் பிந்தியது. செய்து காட்ட வேண்டியவற்றின் பட்டியலில் முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் காசுத்தாளின் இலக்கத்தை வாசிப்பது ஒன்று. பிறர் மனத்திலுள்ளதை அறிவது ஒன்று. வருங்கால நிகழ்ச்சியை முன்கூறுவது ஒன்று. எங்கள் மண்டபத்திலே ஓரிரவில் மூன்றும் நடந்தேறின! ஆனால் புரொபெசர் கோவூருக்கு விண்ணப்பம் அனுப்பவில்லை. காசுத்தாளை அவர் கையாலே மடிக்க விடாவிட்டால், உறையினுள் அவர் விரலை விடாவிட்டால் ஒன்றும் நடவாது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அப்பட்டியலின் கடைசி விஷயமே என்னை நெடுநாள் பிடித்து நிறுத்தியது. அது சோதிடருக்கும் கைரேகைக்காரருக்கும் உரியது. பிறந்த நேரம் நிமிஷம் பிசகாமலும், பிறந்த இடம் அகலக்கோடு நெடுங்கோட்டுடனும் குறித்த பத்துச் சாதகங்களை, அல்லது பத்துக் கைரேகைப் பதிவுகளைக் கோவூர் தருவார். அவற்றுள் ஆண் எது, பெண் எது, உயிரோடிருப்பவர் எவர், இறந்தவர் எவர் என்று பிரிக்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து பிழைக்கும் இடம் உண்டு. திண்ணையோரத்தில் நின்ற பெண் கேட்டதும் இதையேதான்.

இந்தக் கேள்வி எங்கள் மண்ணில் எத்தனை வீட்டுக் கேள்வியாகப் பிற்காலத்தில் மாறும் என்று 1973 இல் எவரும் கனவு கண்டிருக்க முடியாது. யுத்தம் வந்தது, பாஸ் எடுத்து நகரத்தில் வாழ்ந்த காலம் வந்தது, 2009 இல் செட்டிகுளத்து மெனிக் பாமில் முட்கம்பிக்குள்ளே இலட்சக்கணக்கானோர் இருந்த காலம் வந்தது. கையளித்த பிள்ளையையும், பிடித்துச் செல்லப்பட்ட கணவனையும் தேடுகின்றவர்கள் 2017 பெப்ரவரியிலே வவுனியாவில் வீதியோரத்தில் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். காணாமற்போனோர் அலுவலகத்துக்கு 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. அத்தாய்மார் கேட்ட விடை இருக்கவில்லை. அரசாங்கம் சொல்லாத விடையைச் சொல்வதற்குச் சாத்திரிமாரும், மை போட்டுப் பார்ப்போரும், கலை வந்து வாக்குச் சொல்வோரும் இருந்தார்கள். அவர்களிடம் போன தாய்மாரைப் பரிகசிக்க எனக்கு நா எழாது. எல்லாக் கதவும் மூடிக்கிடக்கும்போது திறந்திருக்கும் ஒரேயொரு கதவைத் தட்டாதவர் யார்?

ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் நடப்பதை நான் அயலவருக்குத் துணையாகப் போய் அருகிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்தபோது பாடசாலை மண்டபத்தின் ஞாபகமே வந்தது. தாய் வாய் திறவாமலே சாத்திரி சொல்கிறார்: மூத்தவனோ நடுவிலானோ, படிப்பிலே கெட்டிக்காரன், பெயரிலே ககரமோ சகரமோ வரும். தாய் கண்கலங்கி மகன் பெயரைச் சொல்லிவிடுகிறாள். திரும்பும் வழியில், “நான் ஒண்டும் சொல்லேல்லை, பேரைக் கூடச் சொல்லிப்போட்டார்” என்கிறாள். தான் சொன்னதைக் கதையிலிருந்து தானே நீக்கிவிட்டாள்; தலைவரின் உறையிலிருந்து புரொபெசரின் இரு விரல்கள் மறைந்தது போலத்தான். பொதுவான வாக்கியம் தனக்கே உரியது என்று தோன்றுவதைப் பேர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் 1948 இல் அளந்து காட்டினார்: தம் மாணவர் 39 பேருக்கும், சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த ஒரே குணவிவரணத்தைத் தனித்தனி ஆராய்ந்து எழுதியதாகச் சொல்லிக் கொடுத்தார், பொருத்தத்துக்கு அவர்கள் இட்ட சராசரிப் புள்ளி ஐந்துக்கு 4.26. படித்த, துயரமில்லாத, அமெரிக்க இளைஞர்கள் அவர்கள்.

சாத்திரி சொல்கின்ற விடை ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: உயிரோடு இருக்கிறான், மறைவிலே இருக்கிறான், சனி விலகியபின் வருவான். இறந்துவிட்டான் என்று சொன்னவரிடம் மறுமுறை எவரும் போவதில்லை என்பது தொழில் நுட்பம் அறிந்த சாத்திரிக்குத் தெரியும். மேடையில் நிற்பவன் இரண்டு மணி நேரத்துக்கு நம்மை ஏமாற்றி நம்மையும் மகிழ்வித்து அனுப்புகிறான். அவன் கலையை நான் இன்றும் விரும்பிப் பார்க்கிறேன், விழாக்களில் இந்த வித்தை செய்யும் பிள்ளைகளைக் கைதட்டி உற்சாகப்படுத்தவும் செய்கிறேன். அதே உபாயத்தை ஒரு தாயின் மடியிலே பிரயோகித்து வருஷக்கணக்காக அவளைக் காத்திருக்க வைப்பதைக் களவு என்றே சொல்வேன்.

கோவூர் 1978 செப்டெம்பர் 18 இல் காலமானார். கண்களையும் உடலையும் முன்னரே தானமாக எழுதி வைத்திருந்தார். அதுவரை அந்த இலட்சம் ரூபாயை எவரும் பெறவில்லை.

இதை வாசிப்போருக்கு ஒரு விண்ணப்பம். காணாமற்போன ஒருவரைப் பற்றிக் கேட்க, உங்கள் உறவிலோ அயலிலோ எவரையேனும் சாத்திரியிடம் கூட்டிச் செல்ல நேருமாயின், நீங்கள் முதலில் தனியாகப் போங்கள். உயிரோடிருக்கும் ஐவரினதும் இறந்துபோன ஐவரினதும் சாதகங்களைப் பெயரை மறைத்துக் கலந்து அவர் முன் வையுங்கள். இரண்டு கட்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பிரித்துத் தந்தாராயின் தாயைக் கூட்டிச் செல்லுங்கள், காசையும் கொடுங்கள்.